புரதம் தேடி வந்த கடிதங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காட்டின் நாலு மூலையிலிருந்தும் வந்த கடிதங்கள் இந்த முறை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: கறி, முட்டை இல்லாமல் புரதம். தாவரப் புரத பவுடரும் டோஃபு என்ற சோயா பனீரும் மெடிக்கல் ஷாப்பையும் சூப்பர் மார்க்கெட்டையும் எட்டிவிட்டன. வாங்குகிறவர்களுக்கும் சந்தேகம், விற்க நினைப்பவர்களுக்கும் சந்தேகம். இரண்டு தரப்புக்கும் பதில் சொல்லியிருக்கிறோம்.

காட்பாடியில் தங்கிப் படிக்கிறேன். எடை 62 கிலோ. ஜிம்முக்குப் போகிறேன். சுத்த சைவம். பயிற்சியாளர் தாவரப் புரத பவுடர் வாங்கச் சொல்கிறார். அது இல்லாமல் முடியாதா?
*கல்லூரி மாணவர், காட்பாடி*

முடியும் தம்பி. ஆனால் மெஸ் சாம்பாரை நம்பி முடியாது.

கணக்கைப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் சொன்ன அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். உங்களுக்கு அது 51 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்பவர்களுக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை பரிந்துரைப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் 75 முதல் 100 கிராம்.

இதைச் சாப்பாட்டில் எப்படி எட்டுவது? காலையில் நாலு இட்லியும் கெட்டி சாம்பாரும் சுமார் 10 கிராம். மதியம் 150 கிராம் அரிசிச் சோற்றில் 11, அதோடு 40 கிராம் பருப்பில் 9, ஒரு கிண்ணம் தயிரில் 5. மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10, 30 கிராம் வேர்க்கடலையில் 7. இரவில் மூன்று சப்பாத்திக்கு 11, 40 கிராம் மீல் மேக்கரில் (சோயா உருண்டை) 20. கூட்டினால் 80ஐத் தாண்டுகிறது. இதில் அரிசி, பருப்பு, சுண்டல், மீல் மேக்கர் எல்லாம் வேகவைப்பதற்கு முந்தைய எடை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மீல் மேக்கர் பாக்கெட்டில் ‘100 கிராமில் 52 கிராம் புரதம்’ என்று இருப்பது காய்ந்த உருண்டைக்கு. ஊறி வெந்தபின் அதே 100 கிராமில் 17 கிராம் அளவுக்குத்தான் மிஞ்சும், மீதி தண்ணீர்.

மெஸ்ஸில் ஒரு கரண்டி சாம்பாரில் 10 கிராம் பருப்பு இருந்தாலே பெரிது. அதில் புரதம் 2 கிராம். அதனால் சுண்டலையும் மீல் மேக்கரையும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எலக்ட்ரிக் கெட்டில் போதும், மீல் மேக்கர் வெந்நீரிலேயே தயாராகிவிடும்.

பவுடர் தவறில்லை, அவசரத்துக்கு உதவும். வாங்கினால் 30 கிராம் ஸ்கூப்பில் 20 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கிறதா என்று பாருங்கள். சேர்மானப் பட்டியலில் கிளைசின், டாரின் தனியாகத் தலைகாட்டினால் வைத்துவிடுங்கள். புரதத்தை நைட்ரஜனை அளந்துதான் கணக்கிடுகிறார்கள். இவை போன்ற மலிவான அமினோ அமிலத்தைக் கொட்டினாலும் அந்த அளவு ஏறிவிடும்.

சோயா சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்கிறார்களே?
*வாசகர், ராணிப்பேட்டை*

குறையாது. சோயாவில் இருக்கும் ஐசோஃபிளேவோன் பெண் ஹார்மோனைப் போன்ற வடிவம் கொண்டது என்பதால் கிளம்பிய பயம் இது. ஆண்களிடம் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை. சோயாவில் கவனிக்க வேண்டியது வேறு: தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். காலையில் மாத்திரை போட்டால் சோயா பதார்த்தத்தை மதியத்துக்குத் தள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் கொள்ளும் மொச்சையும் எட்டு விசில் விட்டாலும் வேகமாட்டேன் என்கிறது. சாப்பிட்டால் வயிறு உப்புசம். புரதத்துக்காகத் தினமும் கொள்ளு ரசம் வைக்கிறேன், அது போதுமா?
*இல்லத்தரசி, வாணியம்பாடி*

அம்மா, முதலில் ரசத்தை முடித்துவிடுவோம். கொள்ளை வேகவைத்துத் தண்ணீரை மட்டும் இறுத்து ரசம் வைத்தால் வாசம் வரும், புரதம் பெரும்பாலும் பருப்பிலேயே தங்கிவிடும். வெந்த கொள்ளில் பாதியையாவது அரைத்து ரசத்தில் கரையுங்கள், மீதியைத் துவையலாக்குங்கள். 100 கிராம் கொள்ளில் 22 கிராம் புரதம் இருக்கிறது, அதைத் தூக்கி மாட்டுக்கு வைப்பானேன்?

வேகாததற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். பாலாற்றங்கரை ஊர்களில் போர் தண்ணீர் கடினம். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் தோலிலும் செல் சுவரிலும் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் தோல் ரப்பர் மாதிரிதான் இருக்கும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுங்கள். அது கிடைக்காவிட்டால் ஊறவைக்கும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை டீஸ்பூன் கல்லுப்பு அல்லது கால் டீஸ்பூன் சமையல் சோடா. சோடா கூடினால் சோப்பு வாடை அடிக்கும், பி வைட்டமினும் வீணாகும். உப்பே மேல்.

இரண்டாவது காரணம் புளி, தக்காளி. புளிப்புப் பட்டால் பருப்பு அந்த நிலையிலேயே நின்றுவிடும். முழுக்க வெந்து விரலால் நசுங்கிய பிறகே புளிக்கரைசலை ஊற்றுங்கள். மூன்றாவது, பழைய சரக்கு. ஒரு கோடை முழுக்க மூட்டையில் வெந்து கிடந்த மொச்சையை எந்தத் தண்ணீரும் திருத்தாது. நிறம் கறுத்து, ஊறிய பின்னும் சுருக்கம் விரியாத கொட்டைகள் அதிகமாக இருந்தால் கடையை மாற்றுங்கள்.

உப்புசத்துக்குக் காரணம் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள். நம் குடலால் அவற்றை உடைக்க முடியாது. பெருங்குடலில் உள்ள கிருமிகள் உடைக்கும்போது வாயு உண்டாகிறது. 10 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றி, கடைசியில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். காய்ந்த மொச்சைக்கு இன்னொரு படி உண்டு: திறந்த பாத்திரத்தில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு அந்த நீரையும் கொட்டிவிட்டுக் குக்கரில் போடுங்கள். காய்ந்த மொச்சையில் கசப்பும், சில ரகங்களில் சயனைடு தரும் பொருளும் உண்டு, அவை தண்ணீரோடு போகும். மார்கழி, தை மாதத்தில் பச்சை மொச்சையை ஊறவைத்துப் பிதுக்கிச் சமைக்கும் பிதுக்கம்பருப்பு சும்மா வந்ததில்லை. தோல் போனால் துவர்ப்பும் போகிறது, செரிமானமும் எளிதாகிறது.

முளைகட்டினால் புரதம் கூடும் என்பதும் பாதிதான் உண்மை. பயறு தண்ணீர் குடித்துவிடுவதால் 100 கிராம் முளைப்பயறில் புரதம் குறைந்துதான் இருக்கும். கூடுவது செரிமானமும், இரும்பு போன்ற தாதுக்கள் உடலில் சேர்வதும். வேலூர் வெயிலில் முளைகட்டும் துணியை ஒரு நாளில் மூன்று முறையாவது அலசுங்கள், இல்லையென்றால் பிசுபிசுத்துவிடும். பிசுபிசுத்ததைக் கழுவிச் சமைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

சோயா பனீர் வீட்டிலேயே செய்து பார்த்தோம். பச்சை வாடை, உதிரி உதிரியாக வருகிறது, கால் கிலோ சோயாவுக்குக் கையளவுதான் கிடைத்தது. இணையத்தில் சொன்னபடி சோயாவைக் குக்கரில் வேகவைத்துத்தான் அரைத்தோம்.
*மகளிர் குழுவினர், குடியாத்தம்*

குக்கர்தான் குற்றவாளி. சோயாவை முழுதாக வேகவைத்தால் புரதம் பருப்புக்குள்ளேயே இறுகிவிடும், பாலுக்கு இறங்காது. சக்கையில் புரதத்தை வைத்துக்கொண்டு வெறும் பாலைத் திரித்திருக்கிறீர்கள்.

பச்சை வாடைக்குக் காரணம் லிபாக்சிஜனேஸ் என்ற நொதி. பருப்பு உடைந்து தண்ணீரும் காற்றும் பட்ட நொடியிலேயே அது சோயாவின் எண்ணெயில் வேலையைத் தொடங்கிவிடும். அதை அரைக்கும்போதே சூட்டால் அடக்க வேண்டும். அரைத்த பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் வந்த வாடை வந்ததுதான்.

கால் கிலோ சோயாவை 8 மணி நேரம் ஊறவையுங்கள். கோடையில் 6 மணி நேரமே போதும், அதற்கு மேல் போனால் புளித்துவிடும். தோலைத் தேய்த்து எடுத்துவிட்டு, தளதளவென்று கொதிக்கும் நீரில் சிட்டிகை சோடா போட்டு 3 முதல் 5 நிமிடம் மட்டும் வைத்து வடிகட்டுங்கள். கொதிநீர் விட்டு மிக்ஸியில் விழுதாக அரையுங்கள். ஜாடி மூடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள், ஆவி தூக்கும். மொத்தத் தண்ணீர் 2 லிட்டருக்குள் இருக்கட்டும். இங்கும் போர் தண்ணீர் கூடாது. அதிலுள்ள கால்சியம், புரதத்தை முன்கூட்டியே கட்டிவைத்துவிடும், பால் குறையும்.

மெல்லிய பருத்தித் துணியில் பிழிந்து, கிடைத்த பாலை அடிகனமான பாத்திரத்தில் கொதிக்கவையுங்கள். முதல் நுரை பொங்குவதைக் கொதி என்று நினைத்து இறக்கிவிடாதீர்கள். அது சோயாவின் நுரைப் பொருள், 80 டிகிரியிலேயே பொங்கும். நுரை அடங்கியபின் 10 நிமிடம் கொதித்தால்தான் செரிமானத்தைத் தடுக்கும் ட்ரிப்சின் தடுப்பான் செயலிழக்கும். பச்சைச் சோயாப்பால் குடித்து வாந்தி எடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

அடுப்பை அணைத்து 75 முதல் 80 டிகிரிக்கு ஆறவிடுங்கள். 3 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை அரை டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கலந்து மூன்று தடவையாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் கரண்டியை இரண்டு சுற்று மட்டும் சுற்றுங்கள். கிளறினால் உதிரிதான். அளவுக்கு மீறிய எலுமிச்சையும், கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதும் இதே கெடுதலைச் செய்யும். மூடி 15 நிமிடம் விடுங்கள். பிரிந்த நீர் தெளிந்த வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, பால்போல் கலங்கியிருந்தால் இன்னும் ஒரு கரண்டி சாறு வேண்டும். துணி விரித்த துளைப் பெட்டியில் ஊற்றி, 2 கிலோ எடை வைத்து அரை மணி நேரம் அழுத்துங்கள். 350 முதல் 450 கிராம் வரை வர வேண்டும்.

விற்பனைக்கு என்றால் எலுமிச்சையை விட்டுவிட்டு உணவுத் தரக் கால்சியம் சல்பேட்டுக்கு மாறுங்கள். கால் கிலோ சோயாவுக்கு 5 கிராம். ருசி புளிக்காது, கட்டி மென்மையாக இருக்கும், வாங்குபவருக்குக் கால்சியமும் கிடைக்கும். கட்டட வேலைக்கு விற்கும் ஜிப்சமும் கால்சியம் சல்பேட்தான், ஆனால் அதைக் கனவிலும் தொடாதீர்கள். டோஃபுவைத் தண்ணீரில் மூழ்கவைத்து ஃபிரிட்ஜில் வைத்து, தினமும் தண்ணீர் மாற்றினால் நாலு நாள் தாங்கும். சக்கையை எறியாதீர்கள், வடைக்கும் அடைக்கும் ஆகும்.

அப்பாவுக்கு கிரியாட்டினின் அதிகம். பலவீனமாக இருக்கிறார். தாவரப் புரதம் கெடுதல் செய்யாது என்று பவுடர் கொடுக்கலாமா?
*மகள், சத்துவாச்சாரி*

கொடுக்க வேண்டாம். கிரியாட்டினின் கூடுவது சிறுநீரகம் சரியாக வடிகட்டவில்லை என்பதன் அறிகுறி. டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள், டயாலிசிஸில் இருப்பவர்களுக்குக் கூட்டச் சொல்வார்கள். அப்பா எந்தப் பக்கம் என்பதைச் சிறுநீரக மருத்துவரும் உணவு ஆலோசகரும்தான் சொல்ல முடியும். பயறு வகைகளில் பொட்டாசியம், பாஸ்பரஸ் கணக்கும் சேர்கிறது. அடுத்த முறை போகும்போது இரண்டு நாள் சாப்பாட்டை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

மரச்செக்கு வைத்திருக்கிறேன். கடலைப் புண்ணாக்கில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் என்கிறார்கள். இப்போது புரதத்துக்கு இருக்கும் கிராக்கியில் அதை மாவாக்கி மனிதர்களுக்கு விற்கலாமா?
*செக்கு உரிமையாளர், ஆரணி*

கணக்கு சரி ஐயா. பருப்பில் 25 சதவீதம் புரதம், ஏறக்குறைய பாதி எண்ணெய். எண்ணெய் போனால் புரதத்தின் பங்கு ஏறத்தானே செய்யும். யோசனையும் புதிதல்ல. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் முக்கால் பங்கு நிலக்கடலை மாவும் கால் பங்கு கடலைப்பருப்பு மாவும் சேர்த்து ஒரு சத்துணவு மாவையே உருவாக்கியது. நிலக்கடலைப் புரதத்தைப் பாலில் கலந்த மில்டோன் என்ற பானமும் அங்கே பிறந்ததுதான். அப்படியும் ஏன் அது வீடு வீடாகப் பரவவில்லை? 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. காரணத்தைத் தேடியபோது தீவனத்திலிருந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வந்து நின்றது. அதில் பிடித்த அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை சுரக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்ஸின் என்று பெயர் வந்தது. கல்லீரலில் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. வறுத்தாலும் பொரித்தாலும் முழுதாகப் போகாது. கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோகிராம் கணக்கில்தான் இதற்குச் சட்ட வரம்பே இருக்கிறது.

செக்கில் ஆட்டும்போது இந்த நஞ்சு எண்ணெயோடு போவதைவிடப் புண்ணாக்கிலேதான் அதிகம் தங்குகிறது. மூட்டைக்குள் நாலு பூஞ்சைக் கொட்டை இருந்தாலும் புண்ணாக்கு முழுக்கக் கலந்துவிடும். ஆகவே, இப்போது மாட்டுக்குப் போகும் புண்ணாக்கைச் சலித்து மாவாக்கி விற்பது கூடவே கூடாது. மாட்டுக்கும் அது நல்லதல்ல, அந்த நஞ்சு வடிவம் மாறிப் பாலில் இறங்கும்.

செய்தே தீர வேண்டுமென்றால் காட்டிலிருந்து தொடங்குங்கள். ஆடிப் பட்டத்தில் மானாவாரியாக விதைத்த கடலை ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையோடு அறுவடைக்கு வருகிறது. கடைசி மூன்று நாலு வாரம் மண் காய்ந்து கிடந்தாலே காய்க்குள் பூஞ்சை புகுந்துவிடும். அப்போது ஒரு தண்ணீர் விட வசதி உள்ள விவசாயியிடம் வாங்குங்கள். பிடுங்கிய செடியைக் காய் மேலே பார்க்கும்படி கவிழ்த்துக் காயவைத்திருக்க வேண்டும். குலுக்கினால் காய் கலகலவென்று சத்தமிட்டு, பருப்பைக் கடித்தால் நறுக்கென்று உடைகிற பதம், அதாவது பருப்பில் ஈரம் 8 சதவீதத்துக்குள். உடைக்க எளிது என்று காய்மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. எடையும் கூடும், வியாபாரிக்கு லாபம். பூஞ்சைக்கும் அதுதான் விருந்து. தெளித்த கடலையைத் தொடாதீர்கள்.

சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி நீக்கி, லேசாக வறுத்துத் தோல் எடுத்து, கழுவிக் காயவைத்த செக்கில் அந்தச் சரக்கை மட்டும் தனியாக ஆட்டுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அஃப்ளாடாக்ஸின் சோதனை செய்யுங்கள். மனிதர் உண்ணும் நிலக்கடலை மாவுக்கென்று தனித் தரம் உண்டு, உணவுப் பாதுகாப்பு உரிமமும் வேண்டும். மரச்செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் நிறைய மிஞ்சுவதால் மாவு சீக்கிரம் சிக்கடிக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். சோதனைச் செலவைப் பார்த்துவிட்டு, பொறுக்கிய பருப்பை வறுத்து வேர்க்கடலை வெண்ணெயாக விற்பதே லாபம் என்று நீங்கள் முடிவு செய்தால் எங்களுக்கு ஆச்சரியமில்லை. பயிற்சிக்கு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஜவ்வாது மலைப் பலாக்காயைச் ‘சைவ மட்டன்’ என்று பதப்படுத்தி அனுப்ப ஆசை. புரதம் என்று விளம்பரம் செய்யலாமா?
*இளைஞர், போளூர்*

நாரும் மெல்லும் பதமும் மட்டன் மாதிரிதான். புரதம் 100 கிராமுக்கு 2 அல்லது 3 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. பலாக்காயைப் பலாக்காயாகவே விற்றால் நல்ல சரக்கு, புரதம் என்று எழுதினால் பொய். புரதம் வேண்டுமானால் மசாலாவில் வெந்த மொச்சை விழுதோ மீல் மேக்கர் துருவலோ கலந்து, அதைக் கணக்கிட்டு எழுதுங்கள்.

பிரியாணிக் கடை வைத்திருக்கிறேன். வெளியூரிலிருந்து வருபவர்கள் மீல் மேக்கர் பிரியாணி கேட்கிறார்கள். சோயா வாடை போகமாட்டேன் என்கிறது. ‘வீகன்’ என்று போர்டு போடலாமா?
*கடைக்காரர், ஆம்பூர்*

ஆம்பூரிலா என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும், கேட்பவருக்குப் போடுங்கள். ஒரு கிலோ சீரகச் சம்பாவுக்கு 200 கிராம் மீல் மேக்கர் சரி. உப்புப் போட்ட கொதிநீரில் 10 நிமிடம் ஊறவைத்து ஒட்டப் பிழியுங்கள். பச்சைத் தண்ணீரில் அலசி மறுபடி பிழியுங்கள். இந்த இரண்டாவது பிழிவைத்தான் எல்லாரும் விடுகிறார்கள், வாடை அந்த நீரில்தான் இருக்கிறது. பிழிந்த உருண்டை காய்ந்த பஞ்சுபோல உறிஞ்சும், அந்த நேரத்தில் ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது, இஞ்சி பூண்டு, எலுமிச்சை, உப்புப் போட்டு அரை மணி நேரம் வையுங்கள். கறிபோல மசாலாவில் நெடுநேரம் வேகவைத்தால் சொதசொதத்துவிடும். கொஞ்சம் எண்ணெயில் ஓரம் சிவக்க வதக்கித் தனியே எடுத்துவைத்து, அரிசி முக்கால் பதம் வெந்து தம் போடும்போது சேர்த்தால் போதும்.

வீகன் என்றால் தயிரும் நெய்யும் கூடாது. தயிருக்குப் பதில் கெட்டித் தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும் வைக்கலாம். கறி வெந்த தேக்சாவும் கரண்டியும் எண்ணெயும் இதற்கு ஆகாது. தனி அடுப்பு வைக்க முடியாவிட்டால் ‘மீல் மேக்கர் பிரியாணி’ என்று மட்டும் எழுதுங்கள். பொட்டலத்தில் வீகன் முத்திரை போடுவதானால் 2022இல் வந்த வீகன் உணவு விதிகளின்படி ஒப்புதல் பெற வேண்டும். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்ப் பச்சடியை மாற்றாதீர்கள், இலவம்பாடி முள்ளுக் கத்தரி கிடைத்தால் பிரமாதம்.

புரதச் சத்துமாவு வீட்டிலேயே அரைக்க அளவு சொல்லுங்கள். போன தடவை அரைத்தது பத்து நாளில் சிக்கடித்தது.
*வாசகி, திருப்பத்தூர்*

பொட்டுக்கடலை 400 கிராம், கொள்ளு 200, முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகு 200, வேர்க்கடலை 200. இதில் ஏறக்குறைய 20 சதவீதம் புரதம். 30 கிராம் மாவில் 6 கிராம், அதைப் பாலில் காய்ச்சினால் இன்னும் 6. கடைப் பவுடரின் 20 கிராமை இது எட்டாது, எட்டும் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

கொள்ளை வாசம் வந்து வெடிக்கும்வரை வறுங்கள், பச்சையாக நின்றால் மாவு கசக்கும். மில்லிலிருந்து சூடாக வந்த மாவை அப்படியே டப்பாவில் அடைத்ததுதான் உங்கள் தவறாக இருக்கும். மூடிக்கடியில் வேர்க்கும், கடலை எண்ணெய் கெடும். தாம்பாளத்தில் பரப்பி முழுக்க ஆறவிட்டுச் சலியுங்கள். வேர்க்கடலையை மில்லுக்கே அனுப்பாமல், வறுத்துத் தோல் நீக்கித் தனி டப்பாவில் வைத்துக்கொண்டு, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் மிக்ஸியில் பொடித்து, ஐந்தில் ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். மற்ற மாவு ஒரு மாதம் நிற்கும்.